சனியும் ஞாயிறும்

கல்வி கற்பதற்காக இங்கிலாந்து செல்லும் மாணவனுக்கு வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு உண்டு. சனியும் ஞாயிறும் அவனுடையவை. அவ்விரு நாளை அவன் எவ்வாறு கழித்தல் வேண்டும் என்பதில் இருவகைக் கருத்து நிலவுகிறது. கடன்பட்டு மகனை அனுப்பிய பெற்றோர், “ஊர் சுற்றவா போனாய்? அறையில் அமர்ந்து படி” என்பர். உடன் பயிலும் இளைஞரோ, “வந்ததே வந்தோம், இரண்டு நாளில் இருபது இடம் பார்த்துவிடுவோம்” என்பர். முன்னது அச்சத்தால் எழுந்த சொல். பின்னது ஆசையால் எழுந்த சொல். இரண்டும் பொருந்தா.

இருபது இடம் பார்ப்பவன் எதைப் பார்க்கிறான்? பாராளுமன்ற மணிக்கூண்டின் முன் ஒரு படம். அரண்மனை வாயிலில் காவலர் மாறும்போது ஒரு படம். தேம்ஸ் ஆற்றின் இரட்டைக் கோபுரப் பாலத்தில் ஒரு படம். மாலையில் கால் வலிக்கும், கைப்பேசி நிறைந்திருக்கும். கண்டது என்ன என்று கேட்டால் பெயர்களே விடையாக வரும். அதற்குப் பட அஞ்சலட்டையே போதும். கப்பற் செலவோ விமானச் செலவோ வேண்டுவதில்லை.

ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்பவன் பெறுவது வேறு. சென்னையிலிருந்து சென்று இலண்டனில் பயிலும் மாணவன் ஒருவன் சனிக்கிழமை கிரீனிச்சுக்குப் போவதாகக் கொள்வோம். அது மாநகரின் தென்கிழக்கே, தேம்ஸ் கரையில் உள்ளது. ஆற்றில் படகேறியே போகலாம். பசும்புல் போர்த்த குன்றின்மேல், 1675-இல் இரண்டாம் சார்லசு மன்னன் நிறுவிய வானாய்வுக்கூடம் நிற்கிறது. அதன் முற்றத்தில் பதித்த கோடுதான், 1884-இல் வாசிங்டனில் கூடிய மாநாடு உலகுக்கெல்லாம் பொதுவென ஏற்ற சுழியத் தீர்க்கரேகை. மக்கள் வரிசையில் காத்திருந்து, ஒரு கால் கிழக்கிலும் ஒரு கால் மேற்கிலுமாக நின்று படம் எடுத்துக்கொள்வர். ஆனால் செயற்கைக்கோள்களின் துணையால் இடம் காட்டும் கைப்பேசியோ, அங்கே சுழியத்தைக் காட்டுவதில்லை. இன்றைய கணக்கின்படி அக்கோடு ஏறத்தாழ 102 மீட்டர் கிழக்கே, பூங்காவினுள் செல்கிறது! படம் எடுத்தவுடன் திரும்பிவிடுபவனுக்கு இந்த வேடிக்கை தெரியாது.

அக்கூடத்தினுள் ஜான் ஹாரிசன் செய்த கடிகாரங்கள் உள்ளன. அவற்றின் முன் ஒரு மணி நேரம் நின்றாலும் தகும். 1707-இல் இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் தாம் இருக்கும் இடம் அறியாமல் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதின. நான்கு கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலில் தீர்க்கரேகையைக் கண்டறியும் வழி சொல்பவர்க்கு 20,000 பவுன் வரை பரிசளிக்கப் பாராளுமன்றம் 1714-இல் சட்டம் செய்தது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் கப்பலில் இருந்தால், கதிரவன் உச்சிக்கு வரும் வேளையை அதனோடு ஒப்பிட்டு இடத்தை அறியலாம். வழி எளிது, அத்தகைய கடிகாரந்தான் இல்லை. கப்பலின் ஆட்டமும் வெப்பமும் குளிரும் எக்கடிகாரத்தையும் கெடுத்தன.

தச்சன் மகனாகிய ஹாரிசன் பள்ளிக்கல்வி பெரிதும் பெறாதவர். அவர் செய்த முதற்கடிகாரம் ஓர் ஆள் தூக்கத் திணறும் எடையுடையது. ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைத்து 1759-இல் முடித்த நான்காவதோ உள்ளங்கையளவினும் சற்றே பெரியது. 1761-இல் ஜமைக்கா வரை சென்றபோது அது சில விநாடிகளே பிழைத்தது. ஆயினும் பரிசை முழுதும் தர அறிஞர் குழு தயங்கியது. எஞ்சிய தொகையின் பெரும்பகுதி அவர் கைக்கு வந்தபோது அவருக்கு வயது எண்பது. நான்கையும் வரிசையாகப் பார்ப்பவன், ஒரு மனிதனின் வாழ்நாளையே கண்ணால் பார்க்கிறான். எந்தப் பாடநூலும் அவ்வளவு விரைவில் அதைக் காட்டாது. “அறையில் அமர்ந்து படி” என்ற பெற்றோர் இதனை அறிந்தால் சினம் தணிவர்.

ஞாயிற்றுக்கிழமை பிரிட்டிஷ் காட்சிச்சாலை. 1759-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அதனுள் செல்லக் கட்டணம் இல்லை. கையில் பணம் குறைந்த மாணவனுக்கு இது பெரும்பேறு. எகிப்திய எழுத்தின் பொருளை உலகுக்கு உணர்த்திய ரொசெட்டாக் கல்லைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். அவனும் எட்டிப் பார்த்துவிட்டு மேலே செல்லட்டும். அவன் நிற்க வேண்டிய இடம் ஒன்று உள்ளே இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் வெண்சாம்பல் நிறக் கற்கள். தாமரைகளும் யானைகளும் வணங்கும் மாந்தரும் செறிந்த சிற்பங்கள். அவை கிருஷ்ணை ஆற்றங்கரை அமராவதியின் பௌத்தத் தூபியை அணி செய்தவை. வால்ட்டர் எலியட் என்ற அதிகாரி 1845-இல் அவற்றைத் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். 1859-இல் அவை கப்பலேறின. 1880 முதல் இக்காட்சிச்சாலையில் உள்ளன.

இக்கற்கள் யாருக்கு உரியவை என்ற கேள்வி பெரிது, கேட்கத் தக்கது. ஆயினும் அதனைக் கேட்குமுன் சென்னை மாணவன் நாணவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே தூபியின் கற்கள் பல எழும்பூர்க் காட்சிச்சாலையில் இருக்கின்றன. ‘செத்த காலேஜ்’ என்று சென்னை மக்கள் ஒரு காலத்தில் வேடிக்கையாக அழைத்தது அதனைத்தான். வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தொலைவில் இருந்ததை ஐயாயிரம் மைல் கடந்து வந்து அறிவது பெருமையன்று.

குளிர்காலமாயின் இலண்டனில் பிற்பகல் மூன்று மணி, சென்னையில் இரவு எட்டரை மணி. படிக்கட்டில் அமர்ந்து அவன் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து எழும்பூர்க் கற்களைப் பற்றிக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? “அந்த வழியாகப் பலமுறை போயிருக்கிறேன், அண்ணா, உள்ளே போனதில்லை. வருகிற சனிக்கிழமை போகிறேன். எவ்வளவு நேரம் ஆகும்?” என்பாள்.

“காலைப்பொழுது முழுதும் வைத்துக்கொள்” என்று சொல்லிவிட்டு அவன் எழலாம். காட்சிச்சாலையை மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.