பழைய கோதுமையை எதைக் கொண்டு அளப்பது?

1901 முதலான பதிவுகளில், இந்தியாவின் மிக வெப்பமான மார்ச் 2022இல் வந்தது. வட இந்தியாவில் கோதுமை மணி பிடிக்கும் வேளை அது. மணிகள் சுருங்கின, மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இத்தகைய ஆண்டுகளில் 'மரபு ரகங்களுக்குத் திரும்புவோம்' என்ற குரல் எழுவது இயல்பு.

அதில் உண்மை உண்டு. வெப்பம் மிகுந்தால் இலைகள் முன்னதாகவே பழுக்கின்றன. மணியில் மாவுப்பொருள் சேரும் காலம் குறுகுகிறது. அப்போது தண்டில் சேமித்த சர்க்கரையே கதிருக்குக் கைகொடுக்கிறது. சி-306 என்னும் பழைய நெட்டை ரகம் வறட்சியையும் வெப்பத்தையும் தாங்குவதற்குப் பெயர்பெற்றது.

ஆனால், ஆய்வுகளில் பெரிதும் கையாளப்படும் வெப்ப உணர்திறன் குறியீடு, விளைச்சல் எந்த விகிதத்தில் குறைந்தது என்பதையே காட்டுகிறது. எடுத்துக்காட்டாக, ஹெக்டேருக்கு 2 டன் விளையும் ரகம் 10 விழுக்காட்டை இழந்தால் எஞ்சுவது 1.8 டன், 5 டன் விளையும் ரகம் 30 விழுக்காட்டை இழந்தாலும் 3.5 டன் எஞ்சும். குறியீடு முதலாவதைப் போற்றும். உழவரோ இரண்டாவதையே விதைப்பார்.

எனவே மரபு ரகங்களை மாற்றுப் பயிராக அல்ல, பண்புகளின் களஞ்சியமாகக் காண வேண்டும். தில்லி பூசா வளாகத்தில் உள்ள தேசிய மரபணு வங்கியின் குளிரறைகளில் ஆயிரக்கணக்கான கோதுமை விதை மாதிரிகள் காக்கப்படுகின்றன. அவற்றை டிசம்பரில் பிந்தி விதைத்து, தண்டுச் சர்க்கரை, மணியின் எடை, எஞ்சிய விளைச்சல் ஆகியவற்றையும் குறியீட்டுடன் சேர்த்து வெளியிடுவதே நேர்மையான ஆய்வு. விகிதத்தை மட்டும் காட்டும் அட்டவணை எந்தக் களத்தையும் நிரப்பாது.