எம்.ஜி.ஆர். பிழைத்துக்கொள்வார்

ரொறொன்ரோவில் பழைய தமிழ்ப்படச் சுவரொட்டி சேகரிப்பது இப்போது ஒரு கௌரவம். எனக்குத் தெரிந்தவர்களுக்குள்ளேயே அரை டசின் பேர் இருக்கிறார்கள். ஈபேயில் ஏலம் எடுத்து, விலையுயர்ந்த கண்ணாடி போட்டுச் சட்டமிட்டு, மார்க்கம் வீட்டு பேஸ்மென்றில் மாட்டிவைக்கிறார்கள். விருந்துக்குப் போனால் முதலில் அங்கேதான் கூட்டிச்செல்வார்கள். ‘நாடோடி மன்னன்’, 1958, அசல். (சுவரில் பசை தடவி ஒட்டிக் கிழிபடுவதற்கென்றே அச்சடித்த மெல்லிய தாள், ஒரு மடிப்புக்கூட விழாமல் அறுபது வருடத்துக்கு மேல் எப்படித் தாங்கியது என்று நான் கேட்பதில்லை. விருந்து கெட்டுப்போகும்.)

அசலோ போலியோ, அதில் எனக்கு வழக்கில்லை. அதே வீட்டில் அம்மா காலமாகி, அவருடைய அறையை ஒழிக்கும்போது, ஊரிலிருந்து வந்த படங்கள் என்ன ஆகின்றன என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் நீலத் தொட்டிக்குள் போகின்றன. “யாரென்றே தெரியாத ஆட்கள்” என்பார்கள்.

அந்தத் தெரியாத ஆட்களைக் கொஞ்சம் பாருங்கள். வரைந்த திரைக்கு முன்னால், பூச்சாடிக்குப் பக்கத்தில், இரவல் கைக்கடிகாரம் தெரியும்படி கையை வைத்து நிற்கும் இளைஞன். சாமத்தியச் சடங்கன்று நகை சுமந்த பிள்ளை. கொழும்புக்கோ லண்டனுக்கோ கல்யாணப் பேச்சுக்காக அனுப்பப்பட்ட பெண். திருப்பிப் பார்த்தால் ஸ்ரூடியோவின் ரப்பர் முத்திரை, பென்சிலில் நெகட்டிவ் இலக்கம், சிலவேளை திகதி. எங்கள் ஊர்களில் மனிதர்கள் தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எது? எம்.ஜி.ஆரின் முகத்துக்குப் பிரதிகள் உண்டு, ரசிகர்கள் உண்டு, வாங்க ஆளுண்டு. அவர் பிழைத்துக்கொள்வார். இந்தப் பிள்ளையின் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கலாம்.

சினிமாவிலேயே நிற்பதென்றாலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்து ராணியிலோ மனோகராவிலோ படம் மாறும்போது உள்ளூர் அச்சகத்தில் அடித்து விநியோகித்த நோட்டீஸை ஒருவரும் ஏலத்தில் தேடுவதில்லை. சென்னையில் அடித்த போஸ்டரில் இல்லாத தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அதில் இருக்கின்றன. ‘தோட்டக்காரி’, ‘குத்துவிளக்கு’, ‘பொன்மணி’ போன்ற எங்கள் மண்ணின் படங்களுக்கு ஒரு ஸ்டில் கிடைத்தால் சட்டமிடுவார்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

1981இல் நூலகம் எரிந்ததை ஒவ்வொரு ஜூனிலும் நினைவுகூருகிறோம். 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்ததையும் அங்கிருந்த படச்சுருள்கள் அழிந்ததையும் சிலர் நினைவுகூருகிறார்கள். 1995 ஒக்டோபரில் குடாநாட்டை விட்டு நடந்தவர்கள் எதைத் தூக்கினார்கள், எதை விட்டார்கள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அவ்வளவையும் தாண்டி வந்து சேர்ந்த படத்தைக் கனடாவில், யாரும் நெருப்பு வைக்காமலே, நாமே தொலைக்கிறோம்.

தொலைக்கும் வழிகளில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது முப்பத்தோராம் நாள் நினைவுமலர். பன்னிரண்டு பேர் நிற்கும் படத்திலிருந்து அமரரின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல வானம் போட்டு, மாலை சூட்டி அச்சடிக்கிறோம். மற்றப் பதினொரு பேரும் திரையும் முத்திரையும் அச்சகத்து மேசையிலேயே போய்விடுகின்றன.

“எல்லாம் ஸ்கான் செய்தாயிற்று” என்பவர்களிடமும் ஒரு வார்த்தை. நான் பிழைப்புக்குத் தரவுத்தளம் பார்க்கிறவன். விவரமில்லாத பதிவை எங்கள் தொழிலில் குப்பை என்போம். முன்பக்கத்தை மட்டும் ஸ்கான் செய்து, இலக்கம் மட்டுமே பெயராகக் கொண்ட ஐயாயிரம் கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது படத்தையும் சுருக்கிவிடுகிறது. யார், எங்கே, எப்போது என்பதும் காணாமல்போகிறது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் 2016இல் மறையும்வரை படங்களை மட்டுமா சேர்த்தார்? எந்தப் படம், எந்த வருடம், யார் நடித்தார் என்று எழுதிவைத்தார். அதனால்தான் ஆய்வாளர்கள் அவரைத் தேடிப் போனார்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் எடுத்துவைத்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. 1994இல் அது சென்னையில் நூலகமாயிற்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்ரூடியோப் படங்களைத் தேடிப் பிரதி எடுத்தது. அங்கே பெயர்பெற்ற குடும்பங்களின் படங்களை மட்டும் கேட்கவில்லை.

“என் காசு, என் ஆசை” என்பதற்கு என்னிடம் பதிலில்லை, தேவையுமில்லை. வாங்குங்கள். ஆனால் அதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல, அலங்காரம்.

வலுவான மறுப்பு வேறொன்று. இந்தப் படங்களில் காணாமல் போனவர்கள் இருக்கிறார்கள். இயக்கத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். சோதனைச்சாவடிக்குப் பயந்து படங்களைப் புதைத்த குடும்பங்களிடம் போய் இணையத்தில் போடு என்று எவரும் சொல்லக்கூடாது. நானும் சொல்லவில்லை. காப்பகத்தில் வைப்பதும் வெளியிடுவதும் ஒன்றல்ல. இத்தனை வருடம் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுக்கலாம். அந்த முடிவைக் குடும்பம் எடுக்கட்டும். இப்போது நம் வீடுகளில் அந்த முடிவை எடுப்பது நீலத் தொட்டி.

போக இடமில்லை என்பதும் சரியல்ல. நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இயங்குகிறது. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தந்தை செல்வாவின் ஆவணங்களே இருக்கின்றன. நம்மில் பலருக்கு அது பஸ்ஸில் போகும் தூரம். அங்கே பேசுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. ஒட்டும் பக்கங்கள் உள்ள அல்பத்திலிருந்து படத்தை மெல்லக் கழற்றி, எண்பது வயதுப் பெரியம்மாவின் கையில் கொடுத்து, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேளுங்கள். சொல்வதைப் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறும்.