அவ்வளவு தூரம் யாரு போய்ப் பார்த்தா?

அன்பு வாசகர்களுக்கு,



கே2-18பி என்ற வெளிக்கோளைப் பற்றி நாம் வெளியிட்ட துணுக்கு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 124 ஒளியாண்டு தொலைவில் ஒரு கோள், அதன் காற்றில் உயிரின் சுவடு இருக்கலாம் என்று நான்கே வரிகள். அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் அதை ஏழாம் வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அவ்வளவு தூரம் யாரு போய்ப் பார்த்தா?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பே சிரித்ததாம். ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. துணுக்கை மறுபடி படித்துப் பார்த்திருக்கிறார். பதில் அதில் இல்லை. இன்லேண்ட் லெட்டரில் நெருக்கி எழுதி எனக்கு அனுப்பிவிட்டார்.

அந்தக் கடிதத்தை மூன்று நாளாக மேசை மேலேயே வைத்திருக்கிறேன். சிரித்த பிள்ளைகளும் பின்னாளில் கேட்க வேண்டிய கேள்வி அது. பதில் சொல்ல வேண்டியது நாம்தான். இந்தப் பக்கம் முழுவதையும் அந்தப் பையனுக்கே கொடுக்கிறேன்.

தம்பி, அங்கே யாரும் போகவில்லை. அங்கிருந்து ஒளி வந்தது. அந்தக் கோள் ஏறக்குறைய 33 நாளுக்கு ஒருமுறை தன் சூரியனுக்கு முன்னால் கடந்து போகிறது. அப்போது அந்தச் சூரியனின் ஒளியில் ஒரு சிறு கீற்று, கோளைச் சுற்றியுள்ள காற்றுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. ஒவ்வொரு வாயுவும் ஒளியில் தனக்கென்று சில நிறங்களை உறிஞ்சிக்கொள்ளும். நமக்கு வந்துசேரும் ஒளியில் எந்தெந்த நிறம் குறைகிறது என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளக்கிறது. குறைந்த நிறத்தை வைத்து, உறிஞ்சிய வாயு எது என்று சொல்கிறார்கள்.

இந்த வழி புதியதும் அல்ல. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரான்சிலிருந்து வந்த ஜான்சன் என்ற வானியலாளர், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் கருவியை நிறுத்திச் சூரிய விளிம்பின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் தென்பட்ட, எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோட்டிலிருந்துதான் ஹீலியத்தின் கதை தொடங்குகிறது. பூமியில் ஹீலியம் கைக்குக் கிடைத்தது 1895-இல். அதற்கு 27 ஆண்டுகள் முன்பே சூரியனில் அதன் சுவடு தெரிந்துவிட்டது. சூரியனுக்கும் யாரும் போகவில்லை.

அப்படியானால் கே2-18பி-யில் உயிர் இருக்கிறதா? 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழுவினர் சொன்னது, டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவின் சுவடு தெரிகிறது என்பதுதான். நம் பூமியில் இந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குபவை கடலில் மிதக்கும் நுண்பாசிகள். ஆனால் உயிரே இல்லாத ஒரு வால்மீனிலும் அதே வாயு கண்டறியப்பட்டிருக்கிறது. தவிர, அந்தச் சுவடு வெறும் தற்செயலாக இருப்பதற்கு ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு உண்டு என்று அந்தக் குழுவே சொல்லியிருந்தது. கண்டுபிடிப்பு என்று உறுதியாகச் சொல்ல, அந்த வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்க வேண்டும். பிறகு வேறு குழுக்கள் அதே தரவுகளை எடுத்துத் தங்கள் முறையில் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, இதில் உறுதியான சான்று இல்லை என்று எழுதின. விவாதம் இன்னும் முடியவில்லை. இவ்வளவையும் சொல்லாமல் நான்கு வரியில் முடித்தது என் தவறு. இருக்கலாம் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேருடைய கணக்கு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

'யாரு போய்ப் பார்த்தா' என்ற அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அண்மைச் செய்திகளை ஒருமுறை சுற்றி வந்தேன். நின்று பார்த்த முதல் இடம் ஓர் எலிக்கூண்டு.

2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது. நம் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி நம்மையே தாக்காமல் காவல் காக்கும் செல்களைக் கண்டறிந்ததற்காக. செய்தித்தாள்களில் இந்த ஒரு வரி வந்தது. அதன் பின்னால் இருப்பது அரை நூற்றாண்டுக்கும் மேலான கதை. 1940-களில் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், கதிர்வீச்சு ஆய்வுக்காக வளர்த்த எலிகளில் சில ஆண் குட்டிகள் தோல் செதில் செதிலாக உரிந்து, மண்ணீரல் வீங்கி, சில வாரங்களிலேயே செத்துப்போயின. கதிர்வீச்சு அதற்குக் காரணம் இல்லை; தானாக நேர்ந்த மரபணு மாற்றம். என்ன மாற்றம் என்று அன்று கண்டறிய வழியில்லை. ஆனாலும் அந்த எலி வம்சத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக வளர்த்து வைத்தார்கள்.

1990-களில் பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் அந்த எலிகளைக் கையில் எடுத்தார்கள். பழுது எக்ஸ் குரோமோசோமில் இருப்பது தெரியும். ஆனால் அது சுமார் 17 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட நெடிய ஏடு. இன்றைய இயந்திரங்களுக்குச் சில நாள் வேலை. அன்று ஆண்டுக்கணக்கில் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தைச் சுருக்கி ஐந்து லட்சம் எழுத்துகளுக்கு வந்தார்கள். அந்தத் துண்டுக்குள் 20 மரபணுக்கள் இருந்தன. நல்ல எலியோடு நோயுற்ற எலியை ஒப்பிட்டு, ஒவ்வொரு மரபணுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பத்தாவதில் இல்லை, பதினைந்தாவதில் இல்லை, பத்தொன்பதாவதிலும் இல்லை. கடைசியாக மிஞ்சிய இருபதாவதில்தான் பழுது இருந்தது. பத்தொன்பதாவதோடு மனம் தளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு ஒருகணம் நின்று துடிக்கிறது.

ஜப்பானில் சகாகுச்சி அதற்கு முன்பே தனியாக வேறு வழியில் வந்துகொண்டிருந்தார். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கி ஆளும் செல்கள் என்று ஏதும் கிடையாது என்று பெரும்பாலோர் அந்த எண்ணத்தையே கைவிட்டிருந்த காலம். பத்தாண்டுக்கு மேல் விடாமல் உழைத்து 1995-இல் அந்தச் செல்களை அடையாளம் காட்டினார். 2001-இல் அமெரிக்கக் குழுவின் மரபணுவும் தெரிந்துவிட, அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் இரு வழிகளும் ஒன்று சேர்ந்தன. சகாகுச்சியின் காவல் செல்களை உருவாக்குவதே அந்த இருபதாவது மரபணுதான். முதல் வகைச் சர்க்கரை நோய், மூட்டுகளைத் தின்னும் முடக்குவாதம் போன்றவற்றுக்கு இந்த வழியில் மருந்து தேடும் முயற்சிகள் இன்று மனிதர்களிடம் சோதனைக் கட்டத்துக்கு வந்திருக்கின்றன. ஓக் ரிட்ஜில் அந்தக் கூண்டுகளுக்குத் தீனி வைத்தவர்களின் பெயர்கள் எந்தப் பரிசுப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் இல்லாமல் இந்தப் பரிசும் இல்லை.

சில இடங்களில் உண்மையாகவே போய்ப் பார்த்தோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலையை மறந்திருக்க மாட்டீர்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர் என்பதில் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அன்றைய கைதட்டலுக்குப் பிறகு, ஓராண்டு கழித்து வந்த அறிவியல் செய்திக்கு அதே கவனம் கிடைக்கவில்லை. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் என்ற ஆறு சக்கர வண்டி, தென்துருவத்துக்குப் பக்கத்துப் பகுதியில் சுமார் 100 மீட்டர் தூரம் உருண்டு, 23 இடங்களில் நின்று மண்ணைச் சோதித்தது. பார்த்த இடமெல்லாம் மண்ணின் சேர்க்கை ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. அனார்த்தொசைட் என்ற வெளிர்நிறப் பாறையின் சாயல்.

அதனால் என்ன? பிறந்த புதிதில் நிலவு முழுவதும் உருகிய குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது, காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து வந்து ஓடாக இறுகின என்பது அப்போலோ 11 கொண்டுவந்த கற்களிலிருந்து எழுந்த கருத்து. அப்போலோ பயணங்கள் இறங்கியதெல்லாம் நிலவின் நடுப்பகுதியை ஒட்டித்தான். தென்கோடியிலும் அதே ஏடுதான் இருக்கிறது என்று மண்ணைத் தொட்டுச் சொன்ன முதல் வண்டி நம்முடையது. 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் அது வெளியானது.

நாமக்கல் மாவட்ட வாசகர்களுக்கு இதில் இன்னொரு உறவும் உண்டு. சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்கும் பாறை இதே அனார்த்தொசைட் வகை. அதைப் பொடித்துத்தான் பெங்களூரில் இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்து, இறங்கு கலத்தையும் வண்டியையும் பழக்கியது. சுமார் 50 டன் மண் இங்கிருந்து போனது. அந்த ஊர்ப் பள்ளிகளில் பாடம் எடுப்பவர்கள் ஒருநாள் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் அந்தக் கல்லைக் கையில் கொடுங்கள். நிலவின் ஓட்டைத் தொட்டுப் பார்க்க அதைவிட அருகில் ஓர் இடம் கிடையாது.

அடுத்த செய்தியை எழுதும்போது குரல் கொஞ்சம் தழைகிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு குழந்தை பிறந்தது. சாப்பிடும் புரதத்திலிருந்து உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்ற ஈரலில் ஒரு நொதி வேண்டும். குழந்தைக்கு அந்த நொதிக்கான மரபணுவில் பிழை. தாய்ப்பாலின் புரதம்கூட மூளைக்கு நஞ்சாகிவிடும். இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதி பேர் சிசுப் பருவத்தைத் தாண்டுவதில்லை. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸ், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிரண் முசுனூரு ஆகிய இருவரின் குழு, அந்த ஒரே குழந்தையின் மரபணுப் பிழையைத் திருத்தும் மருந்தை ஆறே மாதத்தில் வடிவமைத்து, எலியிலும் குரங்கிலும் சோதித்து, 2025 பிப்ரவரியில் முதல் தவணையைச் செலுத்தியது. மொத்தம் மூன்று தவணை. குழந்தையால் முன்னைவிட அதிகப் புரதம் உண்ண முடிந்தது. ஜூன் மாதம் வீட்டுக்குப் போனது. குணமாகிவிட்டது என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. நெடுநாள் கண்காணிக்க வேண்டும் என்றே சொல்கிறார்கள். ஒரே ஒரு நோயாளிக்காக ஒரு மருந்து! உலகில் இப்படி அரிய நோய்களோடு பிறக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இது எப்போது எட்டும், என்ன விலையில் எட்டும் என்ற கவலையும் கூடவே வருகிறது.

விலை என்றதும் நினைவுக்கு வருவது லெனகாபவிர். ஆண்டுக்கு இரண்டே முறை ஊசி; எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில் அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். அதையே ஆண்டுக்கு 40 டாலரில் 2027 முதல் 120 நாடுகளுக்குத் தருவதாக அறிவித்திருப்பவை ஹைதராபாதின் இரண்டு மருந்து நிறுவனங்கள். கண்டுபிடிப்பின் பாதி வேலை ஆய்வகத்தில் முடிகிறது. மறுபாதி இப்படி மருந்தை ஏழையின் கைக்குக் கொண்டுபோவதில் இருக்கிறது.

போகாமலே பார்த்ததில் இன்னொன்று: சிலியின் மலையுச்சியில் வேரா ரூபின் ஆய்வகத்தின் புதிய தொலைநோக்கி, முதல் பத்து மணி நேரச் சோதனைப் படங்களிலேயே 2,104 புதிய சிறுகோள்களைக் காட்டிவிட்டது. அதைப் பற்றி விரிவாக எழுத ஆசை. பக்கம் முடியப்போகிறது.

இந்த இதழிலிருந்து ஒரு மாற்றம் செய்கிறோம். ஒவ்வொரு அறிவியல் செய்தியிலும், அது எப்படித் தெரிந்தது, எவ்வளவு தூரம் உறுதி என்ற இரண்டையும் எழுதுவோம். அதனால் செய்திகளின் எண்ணிக்கை குறையும். துணுக்குகளை விரும்பிப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் பிள்ளைகள் கேட்டு, மற்றவர்கள் சிரித்த கேள்விகளை எங்களுக்கு அனுப்பி வையுங்கள். அவர்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும். பிழை திருத்த வேண்டாம். மாதம் ஒரு கேள்விக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். கடைசி பெஞ்சுத் தம்பிக்கு இந்த இதழின் முதல் பிரதியைத் தபாலில் அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்