நகரியப் பள்ளிகளில் பெற்றோர் குழு: எங்கள் நிலைப்பாடு

நெய்வேலி நகரியத்தில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நகர நிர்வாக அலுவலகத்துக்குத்தான் போகிறோம். மற்ற ஊர்களைப் போல வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்ட இங்கே வழியில்லை. 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனமே வட்டம் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளாக வீடுகளையும் மருத்துவமனையையும் பள்ளிகளையும் கட்டியது. அந்தப் பள்ளிகளில் படித்து ஆளானவர்கள் எங்களில் பலர். அந்த நன்றி மாறாது. அங்கே படித்த உரிமையோடுதான் கேட்கிறோம்: யார் நடத்தும் பள்ளியானாலும், நகரியத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் தேர்ந்தெடுத்த மேலாண்மைக் குழு வேண்டும்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. ஆனால் நிதியுதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. உதவி பெறும் பள்ளிகளில் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். சட்டம் விட்ட இந்த இடைவெளியை நிர்வாகங்கள் தாமாக முன்வந்து நிரப்ப வேண்டும். இங்கே கவுன்சிலர் இல்லாததால், குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு உரிய இடத்துக்கு அந்தந்த வட்டத்து மக்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும்.

படிக்காத அம்மா குழுவில் உட்கார்ந்து என்ன சொல்லிவிடுவார் என்று கேட்பவர்கள் உண்டு. 2022-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் குழுக்களை மாற்றியமைத்தபோது தலைவர் பொறுப்பு தாய்மார்களுக்கே தரப்பட்டது. பிள்ளை எத்தனை மணிக்கு பஸ் ஏறுகிறது, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதை அந்தத் தாயைவிடத் தெரிந்தவர் யார்?

எங்கள் பெரிய கவலை, குழு அமைந்த பிறகும் யார் வெளியே நிற்பார்கள் என்பதுதான். நிரந்தரத் தொழிலாளியின் குடும்பம் பள்ளிக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸில் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகள் தொலைவிலிருந்து வருகிறார்கள். இந்த இரு தரப்புக்கும் குழுவில் தனி இடம் ஒதுக்க வேண்டும். வேலை நாள் பிற்பகலில் கூட்டம் வைத்தால் ஷிப்டில் இருப்பவர் எப்படி வருவார்? ஞாயிறு காலையில் வையுங்கள். வராதவர் வீட்டுக்குக் கூட்ட நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை எங்கள் உறுப்பினர்கள் கண்டிருக்கிறார்கள். அதை நிறுத்த வேண்டும்.

ஆசிரியர் நியமனத்திலோ மதிப்பெண்ணிலோ நாங்கள் தலையிடமாட்டோம். ஆனால் பள்ளிகளை இணைப்பது, தமிழ்வழிப் பிரிவை மூடுவது, கட்டணத்தை உயர்த்துவது போன்ற எதுவும் பெற்றோர் கூட்டத்தில் வைக்கப்படாமல் முடிவாகக் கூடாது. பள்ளியின் வரவு செலவைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இந்த அறிக்கையைப் பள்ளி நிர்வாகங்களிடமும் மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் தருகிறோம். அடுத்த குழுத் தேர்தலுக்கு முன், ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் எங்கள் உறுப்பினர்கள் வீடு வீடாக வருவார்கள். போட்டியிட விரும்பும் தாய்மார்கள் அவர்களிடம் பேசலாம்.