வெள்ளிக் கோப்பை சொல்லும் பாடம்

"பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, இனி விளையாட்டு எதற்கு? ஓராண்டில் பிரியப் போகிறவர்களுக்கு ஒரு குழுவா?" என்கிறார்கள் பெரியோர்.

நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் ரக்பி. கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷார் 1873-இல் அதற்கொரு கழகம் தொடங்கினர். படைவீரர்கள் மாறிச் சென்றனர். மற்றவர்கள் டென்னிஸையும் போலோவையும் நாடினர். 1878-இல் கழகம் கலைந்தது. மிஞ்சிய பணத்தை அவர்கள் பங்கிட்டுக்கொள்ளவில்லை. வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் கொண்ட கோப்பை செய்து, இங்கிலாந்தின் ரக்பி சங்கத்துக்கு வழங்கினர். 1879-இல் தொடங்கி இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அக்கோப்பைக்காக ஆடுகின்றன.

ஐந்தே ஆண்டு வாழ்ந்த கழகம் அன்றோ அது! கம்பம் பள்ளத்தாக்கில் கபடி தெரியாத பெண் உண்டா? நாங்கள் பிரிந்தாலும், தொடங்கிய குழுவை ஆறாம் வகுப்புத் தங்கைகள் காப்பார்கள். அருட்சகோதரிகளே, பெற்றோரே, மாலையில் அரைமணி நேரம் தாருங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி