காப்பகத்தில் யாருடைய பிள்ளைக்கு இடம்?

குழந்தைக் காப்பகம் முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. ஸ்பின்னிங்கில் நிற்கிற பெண் பிள்ளையை இயந்திரத்தின் பக்கத்தில் கிடத்த முடியாது என்பதால் தொழிலாளி வர்க்கம் கேட்டுப் பெற்றது. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. 1976-ல் அந்த 50 என்பது 30 ஆயிற்று. கிராமத்துக்கு 1975-ல் அங்கன்வாடித் திட்டம் வந்தது.

ஆனால் கால் விளங்காத பிள்ளையை, காது கேளாத பிள்ளையை, வலிப்பு வரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன நடக்கிறது? “எங்களால் பார்த்துக்கொள்ள முடியாதம்மா” என்று பல இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். பிறகு தாய் வேலையை விடுகிறாள். இல்லாவிட்டால் மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விடுகிறாள். பணக்காரன் வீட்டில் இதே பிள்ளை பிறந்தால் ஆள் வைத்துக்கொள்வான். நடவுக்குப் போகும் பெண் யாரை வைப்பாள்?

சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் விதிகள் 2017 ஜூனில் வந்தன. பழைய பொதுக் கட்டிடங்களை 5 வருஷத்துக்குள் இவர்கள் புழங்கும்படி மாற்றவேண்டும் என்பது கட்டளை. கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. படிக்கட்டு மட்டும் உள்ள அங்கன்வாடிகள் இன்னும் இருக்கின்றன! ஒரு சாய்தளம் கட்ட எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகிவிடும்?

சாய்தளம் மட்டும் பிள்ளைக்குச் சோறூட்டாது என்பதும் உண்மை. ஆள் வேண்டும். 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் இக்குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்ப்பதற்கென்று நெறிமுறை வெளியிட்டது. நல்லது. ஆனால் வேலை யார் தலையில் விழுகிறது? ஒரு ஊழியர், ஒரு உதவியாளர். பாடம், சமையல், எடை, பதிவேடு எல்லாம் அந்த இருவர்தான். மத்திய சர்க்கார் அவர்களுக்குத் தருவதைச் சம்பளம் என்றுகூடச் சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறது. பிள்ளையைத் திருப்பி அனுப்பியதற்காக அந்தப் பெண்ணோடு சண்டைக்கு நிற்கும் தாய்மார்களே, அவர் உங்கள் எதிரியல்ல. அவருக்கு இன்னொரு கை கேளுங்கள். பயிற்சியும் அதற்கேற்ற கூலியும் கேளுங்கள்.

ஆலைக் காப்பகத்தில் இந்தச் செலவை முதலாளியே ஏற்கவேண்டும். சங்கங்கள் போனஸ் கோரிக்கையோடு இதையும் மகஜரில் எழுதவேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் எந்தெந்த வீட்டில் இப்படிப் பிள்ளை அடைபட்டுக் கிடக்கிறது என்று தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, அடுத்த கிராம சபைக்கு அந்தப் பட்டியலோடு போகவேண்டும்.