ஆவணம் இல்லாதோரின் வீடு

ஆண்டாப் ஹில்லில் குடிசைகள் இருந்த இடத்தில் மறுவாழ்வுக் கட்டடம் எழும்போது, வீடு யாருக்கு என்பதை ஆவணமே முடிவு செய்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கு வாழ்ந்ததாகக் காட்டுபவருக்கு இலவச வீடு. 2011 ஜனவரி 1-க்கு முன்பு வந்தவருக்குக் கட்டணத்துடன். மனநலம் குன்றி வெளியேறிப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவரிடமோ, மகன் பெயரிலுள்ள குடிசையிலிருந்து துரத்தப்பட்ட மூதாட்டியிடமோ அந்தக் காகிதம் இருப்பதில்லை.

இவர்களைப் பற்றிப் பேசும் மாநிலச் சட்டம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது: 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சை தடுப்புச் சட்டம். பிழைக்க வழி புலப்படாமல் பொது இடத்தில் திரிவதையும் அது பிச்சை என்றே வரையறுக்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அடைத்து வைக்கலாம். மீண்டும் பிடிபட்டால் பத்தாண்டு வரை நீளலாம். பக்கத்திலுள்ள செம்பூரின் பிச்சைக்காரர் இல்லம் இச்சட்டத்தின் கீழ் நடப்பதே. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், தன் எல்லைக்குள் இதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதென அறிவித்தது. பிறந்த மண்ணில் சட்டம் நீடிக்கிறது. 2025-இல் மாநில அமைச்சரவை, இல்லவாசிகளின் உழைப்பூதியத்தை மாதம் 5 ரூபாயிலிருந்து நாளொன்றுக்கு 40 ரூபாயாக உயர்த்த முடிவெடுத்தது. கூலி உயர்ந்தது; பூட்டு அப்படியே இருக்கிறது.

மத்திய அரசின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வேறு மொழி பேசுகிறது. மருத்துவமனையில் தங்கவேண்டிய தேவை தீர்ந்தவர்களுக்கு இடைநிலை இல்லங்களும் குழு இல்லங்களும் அமைக்கவோ அவற்றுக்குத் துணைநிற்கவோ வேண்டுமென அதன் 19-ஆம் பிரிவு அரசுகளைப் பணிக்கிறது. காலக்கெடு? ‘நியாயமான காலத்துக்குள்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. காலி செய்வதற்கு நாள் குறித்து அறிவிப்புப் பெறும் குடிசைவாசிக்கு இந்தச் சொற்றொடர் விந்தையாகவே படும்.

இத்தகைய வீடுகள் கற்பனையல்ல. சென்னையின் ‘பான்யன்’ அமைப்பு, நெடுங்காலம் மனநல நிறுவனங்களில் இருந்தவர்களைச் சிறு குழுக்களாகச் சாதாரணத் தெருக்களின் வாடகை வீடுகளில் குடியமர்த்தி, உடனிருந்து உதவப் பணியாளரையும் அமர்த்தி, ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது.

மும்பையில் இதற்குப் புதிய நிலம் தேடவேண்டியதில்லை. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் பால்வாடியும் நலவாழ்வுக் கூடமும் கட்டித்தர வேண்டுமென்பது ஏற்கெனவே விதி. அதே விதியில் இரண்டு ஆதரவு வீடுகளையும் சேர்க்கலாம். அவற்றின் உரிமையை மாநகராட்சியிடமும், பணியாளர் ஊதியத்தைச் சுகாதாரத் துறையிடமும் வைக்கவேண்டும். வீட்டுவசதிச் சங்கம் ‘இவர்கள் இங்கே வேண்டாம்’ என்று தீர்மானம் போட இயலாதவாறு சட்டத்திலேயே தடையும் வேண்டும். முதல் எதிர்ப்பு பெரும்பாலும் மாடிப்படியிலிருந்துதான் வரும்.